பெரிய ஸ்பெயார் சில்லும் மறையும் பிரேக் லைட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்கதவில் ஸ்பெயார் சில்லைத் தொங்கவிட்டிருக்கும் ஜீப் வகை வண்டிகளுக்குப் பெரிய டயர் போடுவது மலையகத்தில் இப்போது சாதாரணமாகிவிட்டது. தோட்டத்துக் கல் ரோட்டில் வயிறு தட்டாமல் போக வேண்டுமென்றால் அதில் நியாயமும் உண்டு. ஆனால் நான்கு சில்லோடு ஐந்தாவதையும் பெரிதாக்கியதும் கதவின் நடுவில் இருக்கும் மூன்றாவது பிரேக் லைட் டயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. ஹட்டன் பக்கத்தில் வண்டி வயரிங் வேலை செய்பவன் என்ற முறையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

இரண்டு பக்கமும் பிரேக் லைட் எரிகிறதே, நடுவில் உள்ளது மறைந்தால் என்ன குறைந்துவிடும்?

பக்கத்து லைட்டுகள் இரண்டும் ஒரே கூட்டுக்குள் இரவு விளக்கோடும் இண்டிகேட்டரோடும் சேர்ந்து இருப்பவை. இரவில் ஏற்கெனவே சிவப்பாக எரிந்துகொண்டிருக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் சிவப்புக் கூடுவதைப் பின்னால் வருபவர் கவனித்து உணர வேண்டியிருக்கிறது. நடு லைட் பிரேக்கை மிதித்தால் மட்டுமே எரியும் என்பதால் அது சொல்லும் செய்தியில் குழப்பம் இல்லை. அதோடு அது உயரத்தில் இருப்பதால், பின்னால் வரும் வண்டியின் கண்ணாடி வழியாக அதற்கும் பின்னால் வருபவர் கூட அதைப் பார்க்க முடிகிறது.

1974இல் சான் பிரான்சிஸ்கோவில் 343 டாக்சிகளில் இப்படியொரு நடு லைட்டைப் பூட்டிப் பார்த்தபோது, பின்னாலிருந்து மோதப்படுவது ஏறக்குறைய 60 சதவீதம் குறைந்தது. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்தும், ஜீப் வகைகளுக்கு 1994ஆம் ஆண்டு மாதிரியிலிருந்தும் அது கட்டாயமாக்கப்பட்டது. எல்லா வண்டியிலும் வந்து கண்ணுக்குப் பழகிய பிறகு அங்கே செய்த கணக்கில் குறைவு 4.3 சதவீதமாகத்தான் நின்றது. அதுவும் எனக்குச் சின்ன எண்ணாகத் தெரியவில்லை, ஏனென்றால் நமது ரோட்டில் பின்னால் வருவது பெரும்பாலும் பஸ்ஸோ கொழுந்து லொறியோதான்.

ஸ்பெயாரை மட்டும் பழைய அளவிலேயே விட்டுவிட்டால் பிரச்சினையே இல்லையே?

லைட்டுக்குப் பிரச்சினை இல்லை, கியர் பெட்டிக்குத்தான் பிரச்சினை. ஒரே அச்சில் ஒரு சில்லு சிறியதாகவும் மற்றது பெரியதாகவும் இருந்தால் சிறியது அதிகம் சுற்ற வேண்டும். அந்த வித்தியாசத்தை டிஃபரன்ஷியல், அதாவது இரண்டு பக்கச் சில்லும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி, ஓயாமல் சமாளிக்க வேண்டியிருக்கும். ஃபோர்வீல் போட்டு ஓடினால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றை ஒன்று முறுக்கிக்கொள்ளும். எப்போதும் ஃபோர்வீலில் ஓடும் வண்டிகளில் அது இன்னும் மோசம். பங்சர் ஆன இடத்திலிருந்து அடுத்த டயர் கடை வரைக்கும் மெதுவாக, டூவீலில் போவதற்குச் சிறிய ஸ்பெயார் போதும் என்று சொல்பவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. ஆனால் டயர் வெடிப்பது பெரும்பாலும் ஃபோர்வீல் தேவைப்படும் இடத்தில்தான். ஆகவே ஐந்தும் ஒரே அளவு என்பதே சரி. அப்படியானால் லைட்டை ஏதாவது செய்தாக வேண்டும்.

டயர் கொஞ்சம்தான் பெரியது. எப்படி அவ்வளவு மறைக்கிறது?

டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதை வைத்தே கணக்குப் பார்க்கலாம்: முதல் எண் மி.மீ.இல் அகலம், அடுத்தது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம். புதிய ஜிம்னியோடு வரும் 195/80 ஆர் 15 டயரின் மொத்த விட்டம் 693 மி.மீ. அதற்குப் பதிலாக 235/75 ஆர் 15 போட்டால் 733 மி.மீ. ஆகிவிடும். விட்டத்தில் 40 கூடுகிறது. சில்லு நடுவில் தொங்குவதால் அதில் பாதி, அதாவது 20 மி.மீ., மேல்நோக்கி வளர்கிறது. 31 அங்குல டயர் என்றால் விட்டம் 787 மி.மீ., உயர்வு 47 மி.மீ. இரண்டு விரல் உயரமுள்ள லைட்டை மறைக்க இது தாராளம்.

உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு அகலத்தை மறப்பவர்கள் அதிகம். 195இலிருந்து 235 என்றால் 40 மி.மீ. அகலம் கூடுகிறது. ரிம்மின் அமைப்பு மாறாவிட்டால் அதில் பாதி கதவை நோக்கியும் பாதி பின்னால் வெளிப்பக்கமாகவும் போகும். கதவில் உரசுகிறது என்று நடுவில் ஸ்பேஸர் என்ற இடைத்தட்டு வைத்தால் சில்லு முழுவதும் இன்னும் வெளியே தள்ளப்படுகிறது. லைட்டுக்கும் டயரின் பின் விளிம்புக்கும் இடையிலான ஆழம் இப்படிக் கூடக் கூட, நேராகப் பார்க்கும்போது தெரிகிற லைட் கொஞ்சம் தாழ்ந்து பார்த்ததும் காணாமல் போகும்.

என் வண்டியில் மறைகிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நின்று பார்த்தால் தெரியத்தான் செய்கிறது.

நின்று பார்ப்பதுதான் தவறு. இதை நானே செய்து ஏமாந்திருக்கிறேன். என்னுடைய பழைய ஜீப்புக்கு 31 அங்குலம் போட்ட நாளில் கராஜ் வாசலில் மனைவியை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, பின்னால் நின்று பார்த்து, லைட்டின் மேல் பாதி தெரிகிறது, பரவாயில்லை என்று முடிவு செய்தேன். அடுத்த நாள் கொட்டகலைக்குப் போகும்போது மகன் தன் நண்பனின் ஆட்டோவில் பின்னால் வந்தான். இறங்கியதும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "அப்பா, ஏத்தத்துல நடு லைட்டே தெரியல, டயர் மட்டுந்தான் தெரியுது" என்பதுதான்.

காரணம் இதுதான். நாம் ஒரு ஏற்றத்தின் தலைக்கு வந்து வண்டி சமதளத்துக்குத் திரும்பும்போது, பின்னால் வருபவர் இன்னும் சரிவில்தான் இருக்கிறார். பத்துக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் அவர் 15 மீற்றர் பின்னால் இருந்தால், அவரது ரோடு நம்முடையதைவிட ஒன்றரை மீற்றர் தாழ்வு. ஆட்டோ சாரதியின் கண்ணை 1.3 மீற்றர் என்றும், நமது லைட்டை 1.2 மீற்றர் என்றும் வைத்துக்கொண்டால், அவர் லைட்டைக் கீழிருந்து ஐந்து பாகைக்குச் சற்று அதிகமான கோணத்தில் அண்ணாந்து பார்க்கிறார்.

ஜப்பானும் ஐரோப்பிய நாடுகளும் பின்பற்றும் ஐக்கிய நாடுகளின் 48ஆம் இலக்க ஒழுங்குவிதியும் ஏறக்குறைய இதே எல்லையைத்தான் வைத்திருக்கிறது. நடு லைட் மேலே 10 பாகை, கீழே 5 பாகை, இடமும் வலமும் 10 பாகை என்ற அளவுக்குத் தடையின்றித் தெரிய வேண்டும். இதை டேப்பால் அளக்கலாம். லைட்டின் முகத்திலிருந்து டயரின் பின் விளிம்பு வரை உள்ள ஆழத்தை எடுத்து, ஒவ்வொரு 100 மி.மீ. ஆழத்துக்கும் 9 மி.மீ. என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஆழம் 250 மி.மீ. என்றால், லைட்டின் கீழ் விளிம்பு டயரின் உச்சியைவிடக் குறைந்தது 22 மி.மீ. மேலே நிற்க வேண்டும். டேப் இல்லாவிட்டால் சரிவான ரோட்டில் 15 மீற்றர் கீழே போய் முழங்காலில் உட்கார்ந்து பாருங்கள். லைட் முழுதாகத் தெரிய வேண்டும், பாதி தெரிவது போதாது.

லைட்டை உயர்த்துவதா, சில்லை இறக்குவதா, கண்ணாடிக்குள் மாற்றுவதா?

மூன்றையும் செய்திருக்கிறேன். என் கருத்தில் முதலில் பார்க்க வேண்டியது, லைட்டை அதே வரியில் உயர்த்துவதற்கு இடமிருக்கிறதா என்பதுதான். ரேங்க்ளர் ஜீப்புகளில் லைட் தனித் தண்டில் சில்லுக்கு மேலே நிற்கும். அந்தத் தண்டை நீட்டும் பிராக்கெட்டுகள் தயாராகவே விற்கப்படுகின்றன. ஜிம்னி, பழைய பஜேரோ போன்றவற்றுக்கு கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடிப் பார்க்கலாம், கிடைக்காவிட்டால் செய்துகொள்ள வேண்டியதுதான். உயர்த்தும்போது லைட் பின்கண்ணாடியை மறைக்கும், வைப்பர் ஓடும் வழியில் நிற்கும். வைப்பரைக் கையால் முழுச் சுற்றும் நகர்த்திப் பார்க்காமல் துளை போடக் கூடாது.

சில்லை இறக்குவது பார்ப்பதற்கு நேரான வழி. தாங்கியில் புதிய துளைத் தட்டு வைத்து 40, 50 மி.மீ. கீழே கொண்டுவந்தால் லைட்டைத் தொடவே வேண்டியதில்லை. ஆனால் கீழே பம்பர் இருக்கிறது, கதவு திறக்கும்போது டயர் அதில் இடிக்கக்கூடும். லயத்துப் பக்கம் போகும் செங்குத்தான சிமெந்து ஓடைகளில் இறங்கும்போது தொங்குகிற டயர் தரையில் பட்ட வண்டிகளையும் பார்த்திருக்கிறேன்.

கண்ணாடிக்குள், மேல் விளிம்பில் ஒட்டுவது மழைக்கும் துருவுக்கும் நல்லது. உயரமும் கிடைக்கிறது. அதற்கு இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று கறுப்புக் கண்ணாடித் தாள்: அது வெளிச்சத்தை விழுங்கிவிடும், லைட்டுக்கு முன்னால் அந்தத் தாளை வெட்டி எடுக்காவிட்டால் பயன் இல்லை. மற்றது உள்ளே தெறிக்கும் வெளிச்சம். பிரேக் பிடித்தவுடன் கண்ணாடி முழுவதும் சிவந்து, சாரதிக்கு ரியர்வியூ மிரரில் ஒன்றும் தெரியாமல் போய்விடும். லைட்டைச் சுற்றிக் கண்ணாடியோடு ஒட்டி நிற்கும் ரப்பர் உறை இல்லாமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள். கதவு ஒரு பக்கமாகத் திறப்பதால் லைட்டைச் சரியாக நடுவில் வைக்க முடியவில்லையே என்று சிலர் கவலைப்படுகிறார்கள். அப்படிப்பட்ட வண்டிகளில் 150 மி.மீ. வரை விலக மேற்சொன்ன ஒழுங்குவிதியே இடம் தருகிறது.

சில்லின் நடுவில் வட்டமாகப் பூட்டும் எல்.ஈ.டி. லைட் நல்லதா?

அழகாக இருக்கும். அலாய் ரிம்மின் இடைவெளிகள் வழியாகச் சிவப்பு வட்டம் தெரியும். இரும்பு ரிம்முக்கு இடைவெளி குறைவு, ஆகவே வெளிச்சத்தில் பெரும்பகுதி உள்ளேயே அடைபடும். மழை நாளில் ஒரு முறை செம்மண் ரோட்டில் போய்வந்தால் அந்த இடைவெளிகள் சேற்றால் மூடிவிடும். உயரமும் குறைந்துவிடுகிறது. நடு லைட்டின் கீழ் விளிம்பு பக்கத்து பிரேக் லைட்டுகளின் மேல் விளிம்புக்கும் மேலே இருக்க வேண்டும் என்பது விதி. சில்லின் மையம் பெரும்பாலும் அவற்றோடு சமமாகத்தான் வருகிறது. உயர்த்திய லைட் ஒன்று இருக்கும்போது இதைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், இது மட்டும் போதாது.

பிராக்கெட்டை எதில் செய்வது?

3 மி.மீ. இரும்புத் தட்டு போதும். முடிந்தால் துருப்பிடிக்காத உருக்கில் செய்யுங்கள். மெல்லிய தகடு முதல் மாதம் நன்றாக இருக்கும், பிறகு கல் ரோட்டின் அதிர்வில் வளைவு இருக்கும் இடத்திலேயே வெடிக்கும். தண்டு நீளமாக நீளமாக மேலே லைட் தலையாட்டும். பின்னால் வருபவருக்கு அது நடுங்குவதுபோலத் தெரியும். 150 மி.மீ.க்கு மேல் உயர்த்த வேண்டியிருந்தால் குறுக்கே ஒரு தாங்கு கம்பி வைத்து முக்கோணமாக்குங்கள்.

முக்கியமானது, பிராக்கெட்டைக் கதவிலோ தாங்கியிலோ பூட்ட வேண்டும், சில்லில் பூட்டக் கூடாது. சில்லோடு சேர்த்துப் பூட்டினால் பங்சர் ஆன இரவில் சில்லைக் கழற்றும்போது லைட்டும் கழன்று வயரில் தொங்கும். அந்த வயரை அவசரத்தில் இழுத்து அறுத்துவிட்டு, விடிந்ததும் என்னிடம் வருபவர்கள் உண்டு.

வயரை எங்கிருந்து எடுப்பது? பக்கத்து பிரேக் லைட்டிலிருந்து எடுத்தால் சுலபமாக இருக்குமே?

பழைய நடு லைட்டின் கனெக்டரிலிருந்தே எடுங்கள். அங்கே பிரேக் பெடலின் ஸ்விட்சிலிருந்து, ஃபியூஸ் வழியாக வரும் சரியான வயர் ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்காவுக்காகத் தயாரான சில வண்டிகளில் பக்கத்து லைட்டில் பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே பல்பில் இருக்கும். அதிலிருந்து எடுத்தால் நீங்கள் திரும்பும்போதெல்லாம் நடு லைட்டும் மினுங்கும்.

எல்.ஈ.டி. லைட் எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. 21 வாற் பல்பு ஒன்று எடுப்பது ஒன்றே முக்கால் அம்பியர், அதற்கே 0.75 சதுர மி.மீ. வயர் தாராளம். ஃபியூஸைப் பெரிதாக்க ஒரு காரணமும் இல்லை. ஃபியூஸ் போகிறது என்றால் எங்கோ வயர் உரசுகிறது என்று அர்த்தம். 10 அம்பியரைக் கழற்றி 20 போடுவது நோயை விட்டுவிட்டு வலிக்கு மருந்து போடுவது போன்றது.

உரசும் இடம் பெரும்பாலும் கதவுக் கீல்தான். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அங்கே வயர் வளைகிறது. பழைய வண்டிகளில் அந்த ரப்பர் குழாயை மெதுவாக விலக்கிப் பார்த்தால், உள்ளே உறை வெடித்துப் பச்சை பூத்த செம்பு தெரியும். புதிய வயரையும் அதே குழாய்க்குள்ளேயே, கொஞ்சம் தளர்வாக விட்டுக் கொண்டுபோங்கள். கதவுக்கு வெளியே சுற்றிக் கொண்டுபோன வயர் ஒரு மழைக்காலம் தாங்காது.

நசுக்கிப் பூட்டும் நீலநிறக் கிளிப்புகளை நான் வண்டிக்கு வெளியே பயன்படுத்துவதில்லை. நுவரெலியா, நானுஓயாப் பக்கத்து ஈரத்தில் அவை ஆறு மாதத்தில் அரித்துவிடுகின்றன. ஈயம் வைத்துப் பற்றி, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். துளைக்குள் நுழைவதற்கு முன் வயரை ஒரு கைப்பிடி அளவு கீழே தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றி உள்ளே செலுத்துங்கள். மழைநீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், கதவுக்குள் போகாது.

பூட்டியாகிவிட்டது, ஆனால் மங்கலாக எரிகிறது. அல்லது பிரேக் பிடிக்காதபோதும் லேசாக ஒளிர்கிறது. ஏன்?

மங்கலுக்கு முதல் சந்தேகம் ஏர்த், அதாவது மின்சாரம் வண்டியின் உடல் வழியாகத் திரும்பும் இணைப்பு. பெயின்ட் பூசிய பிராக்கெட்டில் ஏர்த் எடுத்திருந்தால் கட்டாயம் தகராறு வரும். தனி வயராக உடலின் சுரண்டிய இடத்துக்குக் கொண்டுபோங்கள். மல்டிமீட்டரை லைட்டின் இரண்டு முனையிலும் வைத்து பிரேக்கை மிதித்துப் பாருங்கள். பற்றரியில் உள்ளதைவிட அரை வோல்ற்றுக்கு மேல் குறைந்தால் வழியில் எங்கோ இணைப்பு சரியில்லை. பிடிக்காதபோதும் ஒளிர்வது வேறு கதை. புதிய வண்டிகளின் கணினி பல்பு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். பல்பு அதைப் பொருட்படுத்தாது, எல்.ஈ.டி. அதற்கே ஒளிர்ந்துவிடும். ஒரு ரெசிஸ்டர் இணைத்தால் தீரும், ஆனால் அது சுடும், பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டக் கூடாது.

பனிமூட்டத்தில் தெரிய வேண்டும். இன்னும் பிரகாசமாக, அல்லது மின்னுகிற மாதிரிப் போடலாமா?

வேண்டாம். நடு லைட்டின் பிரகாசம் 25 முதல் 110 கெண்டெலா (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை இருக்க வேண்டும் என்று தரம் வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் போனால் இரவில் பின்னால் வருபவரின் கண் கூசி, அவருக்கு வளைவின் ஓரமே தெரியாமல் போய்விடும். பட்டிப்பொலையிலும் ஹப்புத்தளையிலும் பனி இறங்கும்போது தேவைப்படுவது பின் பனி விளக்கு. அது வேறு விளக்கு, நிரந்தரமாக எரிவது, பிரேக் லைட்டிலிருந்து 100 மி.மீ.க்கு மேல் விலகி நிற்க வேண்டியது. இரண்டையும் ஒன்றாக்கினால் நீங்கள் பிரேக் பிடித்தது யாருக்கும் தெரியாது. மின்னுகிற லைட் ஆட்டோக்காரத் தம்பிகளுக்குப் பிடித்த ஒன்று. அது இண்டிகேட்டரோடு குழம்பும் என்பதை அவர்களிடம் நான் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன்.

எல்.ஈ.டி.யால் கிடைக்கும் உண்மையான இலாபம் வேகம். இழை பல்பு சூடாகிப் பிரகாசிக்க ஏறக்குறைய 0.2 செக்கன் எடுக்கும், எல்.ஈ.டி. உடனே எரியும். 40 கிலோமீற்றர் வேகத்தில் அந்த 0.2 செக்கன் என்பது இரண்டு மீற்றருக்கு மேல்.

ரம்பொடை இறக்கத்தில் கியரிலேயே இறங்குகிறேன். அப்போது லைட் எரிவதில்லையே?

எரியாது, ஸ்விட்ச் பெடலில்தான் இருக்கிறது. கியரில் இறங்குவதை விடாதீர்கள். வளைவுக்கு முன் வேகம் குறையும்போது பெடலை லேசாகத் தொட்டுக் காட்டினால் பின்னால் வருபவருக்குப் புரியும்.

பெரிய சில்லின் பாரத்தைக் கதவு தாங்குமா?

கொழுந்து நிறுக்கும் தராசில் பழையதையும் புதியதையும் நிறுத்துப் பாருங்கள். 31 அங்குலம் ரிம்மோடு பத்துக் கிலோவுக்கு மேல் கூடுவது சாதாரணம். கதவைத் திறந்து நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால், கீலில் ஆட்டம் இருந்தால் கையிலேயே தெரியும். ஆட்டம் உள்ள கதவில் லைட்டை எவ்வளவு ஒழுங்காகப் பூட்டினாலும் வயர் மறுபடியும் அறுந்துவிடும், ஆகவே கீலைச் சரிசெய்துவிட்டு லைட்டுக்கு வாருங்கள்.

நம்பர் பிளேட்டும் ரிவர்ஸ் கேமராவும் மறைகின்றன. பொலிஸ் பிடிக்குமா?

பிளேட் மறைந்தால் நிச்சயம் கேட்பார்கள். பிளேட்டை இடம் மாற்றினால் அதன் விளக்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். கேமராவை உயர்த்திய பிராக்கெட்டிலேயே, லைட்டுக்குப் பக்கத்தில் பூட்டலாம்.

நமது சட்டத்தின் அடிப்படை 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். வண்டியின் உடலை வெட்டியோ நீட்டியோ மாற்றுவது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியோடு செய்ய வேண்டிய வேலை. 2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் இருந்த ஆபத்தான மேலதிகப் பூட்டல்களைப் பொலிசார் அகற்றவைத்த பிறகு, வீதியில் கேள்வி கேட்பது கூடியிருக்கிறது. சிவப்பாக, நிலையாக, பிரேக்குக்கு மட்டும் எரியும் ஒரு லைட்டைத் தெரியும் இடத்துக்கு நகர்த்தியிருக்கிறேன் என்று நீங்கள் நிதானமாகக் காட்ட முடியும். நீலமும் பச்சையும் கலந்து பூட்டியவரால் அது முடியாது. காப்புறுதிக் கம்பனிக்கு டயர் அளவையும் லைட் மாற்றத்தையும் ஒரு கடிதத்தில் எழுதி, படத்தோடு கொடுத்துப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய லைட்டை என்ன செய்வது?

கழற்றி எறியாதீர்கள். வயர் இல்லாவிட்டாலும் துளையை மூடும் மூடியாக அது இருக்கிறது. வண்டியை விற்கும்போது வாங்குபவர் பழைய அளவு டயருக்குத் திரும்பினால், பிராக்கெட்டைக் கழற்றி கனெக்டரை மறுபடி அதிலேயே செருகிவிடலாம்.